சத்திரசிகிச்சையும் சம்மதமும்

(ஹற்றன் கூட்டத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



சம்பளமும் காணியும் பேசும் மேடையில் மார்பகப் புற்றுநோயைப் பற்றி ஏன் பேசவேண்டுமெனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். இதுவும் சம்பளப் பிரச்சினைதான்.

தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாத ஒன்றுக்காக ஒருநாட் பேரை இழக்க எந்தத் தாய் துணிவாள்? தீபாவளி கழியட்டும் என்கிறாள். பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்கிறாள். தோல் சுருங்கி, கக்கத்தில் நெறி கட்டிய பின்னரே டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ செல்கிறாள். 1996 முதல் இந்நாட்டில் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. பணம் வாங்காமலே மார்பைப் பரிசோதிக்கின்றனர். ஆனால், கிளினிக் நடக்கும் வேளையில் அவள் மலையில் கொழுந்து பறிக்கிறாள்!

காலந்தாழ்த்தினால் முழு மார்பையும் அகற்றுவதன்றி வேறு வழி இல்லாமற் போகலாம். முன்னதாகக் கண்டால் பலருக்குத் தெரிவு உண்டு. இத்தாலியின் மிலான் நகரில் வெரோனேசி என்னும் நிபுணர் 701 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முழு மார்பையும் அகற்றினார். மற்றவர்களுக்குக் கட்டியிருந்த பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தார். இருபது ஆண்டுக் கணக்கு 2002 இல் வெளியாயிற்று. உயிர்வாழ்வில் வேற்றுமை இல்லை! அமெரிக்காவில் ஃபிஷர் கண்டதும் அதுவே. ஆயின் அவர் இன்னொன்றையும் கண்டார். கதிர்வீச்சுப் பெறாதவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பிற்று. பெற்றவர்களில் 14 பேருக்கே.

அக்கதிர்வீச்சைப் பெற நம்மவர் கண்டிக்கோ மஹரகமவுக்கோ போகவேண்டும், அதுவும் வாரக்கணக்கில். பொகவந்தலாவையிலிருந்து எவ்வாறு போய்வருவது? பஸ் கூலியையும் இழந்த பேரையும் எண்ணிப் பார்த்து, "முழுதும் எடுத்துவிடுங்கள் ஐயா" என்கிறாள். அது பிழையான சிகிச்சையன்று. சிலருக்கு அதுவே உகந்தது. ஆனால், வறுமை செய்த முடிவு அவளுடைய சம்மதமாகப் பதிவாகிறதே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

சட்டத்தின் கண்ணில் சம்மதம் என்பது வெறும் கைநாட்டன்று, விளங்கிக்கொண்டு இசைவதாகும். 1988 இல் அரசியலமைப்பின் 16 ஆம் திருத்தம் தமிழையும் நாடு முழுவதற்கும் நிருவாக மொழியாக்கிற்று. ஆகவே, "பகுதியை மட்டும் எடுக்க இயலாதா? ஏன்? பின்னர் என்ன சிகிச்சை?" என்று தமிழிலே கேளுங்கள். விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள். கணவன்மாரே, விடை சொல்ல வேண்டியவள் அவள். நீங்கள் துணைக்குச் செல்லுங்கள்.

கிளினிக் நாளுக்கு முழுப்பேர் தரவேண்டுமெனக் கம்பனிகளைக் கேட்போம். சிகிச்சை முடியும்வரை தங்குமிடம் வேண்டுமென அரசாங்கத்தைக் கேட்போம். மாதர் சங்கத் தலைவிமார் குடும்பநல மாதிடம் கிளினிக் நாளைக் கேட்டறிந்து, 35 வயதைக் கடந்தவர்களின் பட்டியலைத் தோட்டவாரியாகத் தயாரித்துத் தாருங்கள். அப்பட்டியலோடு துரைமாரைச் சந்திக்க நான் வருகிறேன்.