விருந்தினர்க்கு ஒரு குவளை



சித்திரை மாதத்து நண்பகலில் எங்கள் நீடாமங்கலத்துக்கு வந்தவர்கள், வெயில் என்பது யாது என்று நன்கு அறிவார்கள். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்ற ஊர் எங்கள் ஊர். எனினும், மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமாகக் குறிக்கப்பெறும் ஜூன் 12 வரும் வரையில் அம்மூன்று ஆறுகளிலும் பெரும்பாலும் மணலையே காணலாம். அந்த வெயிலில் நடந்து நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கின்றவருக்கு நாம் முதலிற் கொடுப்பது எது? ஒரு குவளை எலுமிச்சம்பழச் சர்பத்து. அதில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை. சர்க்கரையைக் குறைத்தால் மரியாதையையே குறைத்ததாகக் கருதுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவ்வழக்கத்தை நான் எவ்வாறு கைவிட்டேன் என்பதையும், அதற்கு ஈடாக என்ன செய்கிறேன் என்பதையும் இன்று கூற விரும்புகிறேன்.

என்னோடு பணிபுரிந்த கணித ஆசிரியர் ஒருவர் விடுமுறை நாட்களில் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மிதிவண்டியில் என் இல்லத்திற்கு வருவார். வந்தவுடன் சர்பத்துக் கொடுப்போம். அவரும் மறுக்காமல் அருந்துவார். இருபது ஆண்டுகள் இவ்வாறு சென்றன. ஒரு கோடையில் அவர் வரவில்லை. சென்று பார்த்தேன். காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல், இரண்டு விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். அவருக்கு நெடுநாளாக நீரிழிவு இருந்தது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. “வீடுதோறும் கொடுத்ததைக் குடித்தார், ஐயா! வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை” என்றார் அவருடைய துணைவியார். ஒரு குவளைச் சர்பத்தினால் மட்டும் அந்நோய் முற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அக்குவளைகளுள் பல என் வீட்டுக் குவளைகள் என்பதை எவ்வாறு மறப்பது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என்று கணக்கிட்டது. வயது வந்தோர் பத்துப் பேரில் ஒருவர்க்கு மேல் என்பது அதன் பொருள். நம் திண்ணையில் வந்து அமர்கின்றவர் அவருள் ஒருவரா, அல்லரா என்று நாம் அறியோம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு 9ஆம் அதிகாரத்தை வகுத்தார். மருந்துக்கு 95ஆம் அதிகாரத்தை வகுத்தார். இரண்டையும் ஒரே குவளையில் போற்றுதல் இயலுமா? இயலும், அன்பர்களே.

முதலில் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சர்பத்தில் அத்தனை சர்க்கரை எதற்கு? அத்தனை புளிப்பை நாம் சேர்ப்பதனால்! குவளைக்கு ஒரு பழத்தைப் பிழிந்துவிட்டு, அப்புளிப்பை அடக்கச் சர்க்கரையைக் கொட்டுகிறோம். புளிப்பைக் குறைத்தால் இனிப்பின் தேவையும் தானே குறையும்.

நான்கு குவளைக்கு நான் கையாளும் அளவு இது: நூறு கிராம் நன்கு பழுத்த பன்னீர்த் திராட்சை, சாறுள்ள எலுமிச்சம்பழம் ஒன்று, இஞ்சி, சுண்டுவிரல் நுனியளவு, நான்கைந்து புதினா இலை, உப்பு இரண்டு சிட்டிகை, மூன்று குவளைப் பானைத் தண்ணீர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் கரிய திராட்சை இதற்கு மிகவும் ஏற்றது. பழத்தை நன்றாகக் கழுவி, கீறி, விதையை நீக்கித் தோலோடு பருப்பு மத்தினால் மசியுங்கள். தட்டிய இஞ்சியையும் கசக்கிய புதினாவையும் உப்பையும் சேர்த்துக் கால்மணி நேரம் மூடி வையுங்கள். பின்னர்த் தண்ணீர் விட்டு, அருந்தும் வேளையில் எலுமிச்சையைப் பிழியுங்கள். சாறு விழுந்ததும் மங்கலான ஊதா நிறம் ஒளி பெற்றுச் சிவப்பாக மாறும். வீட்டுக் குழந்தைகளை அழைத்து அதைக் காட்டுங்கள். அஃது ஓர் அறிவியல் பாடம்.

சில நுட்பங்களும் உண்டு. எலுமிச்சை விதை நசுங்கினால் கைக்கும். பிழிந்த சாற்றை நெடுநேரம் வைத்திருந்தாலும் கைப்பு ஏறும். சிறிதளவு உப்பு, கைப்பை மறைத்து இனிப்பை எடுத்துக் காட்டும். மிகக் குளிர்ந்த நீரில் நாவுக்கு இனிப்புக் குறைவாகவே தெரியும். ஆதலின் பனிக்கட்டி வேண்டா, மண்பானைக் குளிர்ச்சியே போதும். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்கும்; மண், கண்ணாடி, எவர்சில்வர் ஆகியவையே தக்கவை. திராட்சை கிடைக்காத காலத்தில் இரண்டு துண்டு தர்ப்பூசணியைப் பயன்படுத்தலாம்.

“சர்க்கரைக்குப் பதிலாக வெல்லமோ தேனோ சேர்க்கலாகாதா?” என்று கேட்பீர்கள். அவையும் உடலிற் சென்று சர்க்கரையாகவே வேலை செய்யும். 2015ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், தேனில் உள்ள சர்க்கரையும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் குறைக்க வேண்டியவற்றுள்ளேயே அடங்கின. ஆதலின் ஒரு கிலோப் பழத்தைப் பிழிந்து, வடிகட்டி, “சர்க்கரை சேர்க்கவில்லை” என்று மகிழ்வதும் ஏமாற்றமே. நான் கூறிய அளவில் குவளை ஒன்றுக்குப் பழத்தின் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம்தான். ஒரு தேக்கரண்டிக்கு மிகாது. வடிகட்டாமையால் சக்கையின் நார்ப்பொருளும் உள்ளே செல்லும்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறுவது என் கடமை. இரத்த அழுத்தம் உடையவர்கள் உப்பை விட்டுவிடலாம். நீரிழிவுக்கு மருந்துண்பவர்க்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் கண்டால், அப்போது இந்தப் பானம் உதவாது. அவருக்கு உடனே சர்க்கரைதான் வேண்டும்.

முதல் நாள் இது சப்பென்று தோன்றலாம். நாவும் ஒரு மாணவன்தான், நேயர்களே. முதற்பாடத்திலேயே தேர்ச்சி பெறும் மாணவனை நான் அதிகம் கண்டதில்லை. சில வாரங்கள் பழக்குங்கள், கற்றுக்கொள்ளும்.

மறு ஆண்டுச் சித்திரையில் என் நண்பர் ஊன்றுகோலுடன் வந்தார். இந்தப் பானத்தைக் கொடுத்து, இதில் உள்ளவை இன்னின்ன என்று கூறினேன். தயங்காமல் அருந்தினார். பிறகு குவளையை என்னிடம் நீட்டி, “இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?” என்றார். இருபது ஆண்டுகளில் அவர் என் வீட்டில் தாமாகக் கேட்டுப் பெற்ற முதற் குவளை அதுதான்.