அரியணைக்கு ஓரடி பின்னால்



அறிவியல் புனைகதையில் அதிகாரம் என்பது இக்கருத்தரங்கின் பொருள். அச்சாகியிருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். விண்வெளிச் சக்கரவர்த்திகளைப் பற்றி நிறைய இருக்கிறது, கலகக்காரர்களைப் பற்றி அதைவிட நிறைய. அரியணைக்கு ஓரடி பின்னால், கைகட்டி, குரல் தாழ்த்தி நிற்கிறவனைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரையும் இல்லை. தலைமையுரை என்ற சலுகையைப் பயன்படுத்தி அவனைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

அவனை விட்டுவிட்டது நாம் மட்டுமல்ல. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவல் 1965இல் வந்தது. அதில் பேரரசன் நான்காம் ஷாதாமின் பால்ய நண்பனாக, அவனுக்காக எதையும் செய்து முடிப்பவனாக வருகிறவன் ஹாசிமிர் ஃபென்ரிங் பிரபு. 1984இல் டேவிட் லிஞ்ச் எடுத்த படத்தில் இவன் இல்லை. 2024இல் வெளிவந்த, இயக்குநர் வில்நெவின் ‘டியூன்’ இரண்டாம் பாகத்தில் இவனுடைய மனைவி மார்கோட் வருகிறாள், இவன் வரவில்லை. திரைக்கதையைச் சுருக்க உட்காருகிறவர்களுக்கு முதலில் தேவையற்றவனாகத் தெரிவது ஆலோசகன்தான் போலும். பேரரசனுக்கு ஆடை அணிகலன்கள் உண்டு, படை உண்டு, நல்ல வசனம் உண்டு. ஆலோசகனிடம் இருப்பது ஒரு முணுமுணுப்பு.

ஃபென்ரிங்கைப் பொறுத்தவரை அது நிஜமாகவே முணுமுணுப்புதான். வாக்கியத்துக்கு நடுவில் ஏதோ இழுத்து முனகிக்கொண்டே பேசுவான். கேட்பவனுக்கு எரிச்சல் வரும், கவனம் சிதறும். அந்த நேரத்தில் அவன் எதிராளியை அளந்து முடித்திருப்பான். முந்தைய பேரரசனான எல்ரூட்டுக்கு விஷம் வைத்து ஷாதாமுக்கு வழி திறந்துவிட்டவன் இவனே என்ற வதந்தியை நாவலின் பின்னிணைப்பில், நம்பத்தகாத ஒரு வரலாற்று நூல் சொல்வதாக, ஹெர்பர்ட் போகிறபோக்கில் போட்டு வைக்கிறார். நாவலுக்குள் அதை யாரும் விசாரிப்பதில்லை. இப்படிப்பட்டவர்களின் செயல்கள் வதந்தியாகத்தானே எஞ்சும்?

ஹெர்பர்ட் இந்த மனிதர்களை நூலகத்தில் மட்டும் கண்டவர் அல்லர். 1954இல் ஆரிகனைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் கை கார்டனுக்கு அவர் உரை எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் கார்டன் தோற்றார். பிறர் வாயில் வைப்பதற்காகச் சொல் தயாரிக்கும் தொழிலை அருகிலிருந்து அறிந்தவர் எழுதியது என்பதை நினைவில் வைத்துப் படித்தால், ‘டியூன்’ வரிசையின் அரண்மனைக் காட்சிகளுக்கு வேறொரு சுவை கிடைக்கும்.

அந்த அனுபவத்தின் முழுப் பலனை 1981இல் வந்த ‘காட் எம்பரர் ஆஃப் டியூன்’ நாவலில் பார்க்கிறேன். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஆண்டுகொண்டிருக்கும் இரண்டாம் லெட்டோ, மனிதனும் மணற்புழுவும் கலந்த உடம்பு. அவனுடைய அரண்மனைப் பெருநிர்வாகி மொனியோ. நம் கருத்தரங்கில் யாராவது ஒருவர் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், தயங்காமல் மொனியோவை எடுத்துக்கொள்ளலாம்.

மொனியோ இளமையில் கலகக்காரன். லெட்டோ அவனைக் கொல்லவில்லை. ஒரு சோதனைக்கு உட்படுத்தி, தான் கண்டிருக்கும் எதிர்காலத்தை அவனுக்கும் காட்டினான்: மனித இனம் அடியோடு அழியாமல் தப்பவேண்டுமானால் இந்தக் கொடுங்கோன்மை வேண்டும் என்ற ‘பொற்பாதை’. அன்று முதல் மொனியோ சேவகன். ஊர்வலம் கிளம்பும் நேரம், தூதர்களின் வரிசை, டங்கன் ஐடஹோ என்ற வீரனின், லெட்டோ மறுபடி மறுபடி உருவாக்கச் செய்யும் நகல்களைச் சமாதானப்படுத்துவது என எல்லாம் அவன் பொறுப்பு. ஒவ்வொரு டங்கனும் ஏதோ ஒரு நாள் கொதித்தெழுவான், செத்துப்போவான், அடுத்தவன் வருவான். வருகிறவனுக்கு நிலைமையை விளக்குவதும் மொனியோதான். எஜமானின் உடம்பில் ஒரு நடுக்கம் தெரிந்தால், உள்ளிருக்கும் புழு விழிக்கிறது என்று பொருள். அந்த நடுக்கத்தைக் கவனித்தே மொனியோ தன் ஒவ்வொரு சொல்லையும் எடுக்கிறான். அடுத்த சொல் தன்னுடைய கடைசிச் சொல்லாகலாம் என்று தெரிந்த ஒருவனின் வாக்கிய அமைப்பை ஹெர்பர்ட் எழுதிக் காட்டியிருக்கும் விதத்துக்காகவே அந்த நாவலை, அதன் நீண்ட தத்துவப் பேச்சுகளையும் பொறுத்துக்கொண்டு, படிக்கலாம்.

மொனியோவின் மகள் சியோனாவும் கலகக்காரி. தகப்பன் நடந்த வழியில் அவளும் நடக்கிறாள், தகப்பன் வந்து சேர்ந்த இடத்துக்கே அவளும் வருவாள் என்று அவன் எதிர்பார்க்கிறான், அஞ்சுகிறான், ஒருவேளை ஆசையும் படுகிறான். அவளும் சோதிக்கப்படுகிறாள், எதிர்காலத்தைக் காண்கிறாள். ஆனாலும் வணங்கவில்லை. கடைசியில் ஐடஹோ ஆற்றுப் பாலம் அறுக்கப்படும்போது லெட்டோவோடு சேர்ந்து மொனியோவும் விழுந்து சாகிறான். அறுத்தவள் காவற்படைப் பெண் நைலா. உத்தரவிட்டவள் சியோனா. சியோனா சொல்வதையெல்லாம் கேள் என்று நைலாவுக்கு ஆணையிட்டிருந்தவனோ லெட்டோ. மொனியோ கண்ட அதே காட்சியை அவன் மகளும் கண்டாள் என்பதுதான் இங்கே முக்கியம். ‘உண்மை தெரிந்த பிறகு வேறு வழியில்லை’ என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்ட தகப்பனுக்கு, வேறு வழி இருந்தது என்பதற்கு மகளே சாட்சி.

இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். விண்வெளிப் பேரரசுக் கதைகள், பூமியில் எந்த ஆலோசகனுக்கும் கிடைக்காத ஒரு சாக்கை அங்குள்ள ஆலோசகனுக்குக் கொடுத்துவிடுகின்றன. அந்தச் சாக்கின் பெயர் காலம். அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கணக்கில், பேரரசு வீழ்ந்தபின் வரும் முப்பதாயிரம் ஆண்டு இருளை ஆயிரம் ஆண்டாகக் குறைக்கவேண்டும். நாளை என்பது அவ்வளவு நீளமானால், இன்றைய கொலை மிகச் சிறியதாகிவிடுகிறது. ரோமில் நீரோவின் அருகில் நின்ற செனகாவுக்கு இந்த வசதி இல்லை. கருணையைப் பற்றி இளம் நீரோவுக்கு நூல் எழுதியவர் அவர். கி.பி. 59இல் நீரோ தன் தாயைக் கொன்றபோது, அதற்கு விளக்கம் சொல்லி செனட்டுக்குப் போன கடிதத்தை எழுதியவர் என்ற பழியும் அவர் மீது விழுந்ததாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிக்கிறார். கி.பி. 65இல் நீரோவின் ஆணைப்படி தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். கடிதத்துக்குக் காரணமாகச் சொல்ல அவரிடம் பொற்பாதை எதுவும் இல்லை.

அசிமோவின் ஈட்டோ டெமெர்ஸலிடம் அது நிறையவே இருக்கிறது. 1988இல் வந்த ‘பிரெலூட் டு ஃபவுண்டேஷன்’ நாவலில் முதலாம் கிளியோனின் முதலமைச்சரான இவர், உண்மையில் டேனீல் என்னும் பழைய ரோபோ. தனிமனிதனுக்குத் தீங்கு செய்யாதே என்ற விதிக்கு மேலாக, மனிதகுலத்துக்குத் தீங்கு வராமல் பார் என்றொரு விதியை ஏற்றுக்கொண்ட ரோபோ. மனிதகுலம் என்பது கைக்கு அகப்படாத கருத்து, அதற்கு எது தீங்கு என்று கணிப்பது கடினம் என்பதை டேனீல் வேறொரு நாவலில் தானே ஒப்புக்கொள்கிறது. அசிமோவின் கிளியோன் கொடுங்கோலனும் அல்ல. 2021இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர்தான் இந்த முடிச்சை இறுக்கியது. அங்கே டெமெர்ஸல் பெண்ணுருவில் வருகிறாள். கிளியோனின் நகல்கள் தலைமுறை தலைமுறையாக ஆள்கிறார்கள். அரச வம்சத்துக்கு விசுவாசமாக இருக்கும்படி கட்டப்பட்டவள், தான் வளர்த்த இளையவனின் கழுத்தைத் தன் கையால் முறிக்கிறாள். பிறகு தன் முகத்தையே பிய்த்தெடுக்கிறாள். மறுக்க இயலாதபடி ஆக்கப்பட்டவளிடம் மட்டுமே அந்தச் சாக்கு உண்மையாகிறது. மொனியோவை யாரும் அப்படிக் கட்டி வைக்கவில்லை.

‘ஸ்டார் வார்ஸ்’ பற்றிச் சுருக்கமாக. 1976இல், படத்துக்கு முன்பே வந்த நாவலின் முன்னுரையில், பேரரசன் பால்பட்டீன் தன் உதவியாளர்களின் கைப்பாவை, மக்களின் முறையீடு அவன் காதுக்கு எட்டவில்லை என்றுதான் இருக்கிறது. ‘ராஜா நல்லவர், சுற்றி இருப்பவர்கள் சரியில்லை’ என்று நம் திண்ணைகளில் கேட்ட அதே பேச்சு. 1983இல் மூன்றாவது படம் வந்தபோது தீமை முழுவதும் பேரரசனிடம் குடியேறிவிட்டது. ஆலோசகர்கள் அங்கி அணிந்து, வசனமின்றி, அலங்காரமாக நிற்கிறார்கள். பின்னாளில் வந்த ஆலோசகர் மாஸ் அமெடாவை எனக்குப் பிடிக்கும், வெறுப்பதற்கு வசதியாக. 2002இல் வந்த படத்தில், அவசரகால அதிகாரம் தேவை என்று அறைக்குள் சொல்பவர் இவர். அதை அவையில் முன்மொழிந்து பெயரைக் கெடுத்துக்கொள்வது வெள்ளந்தியான ஜார் ஜார் பிங்ஸ். பேரரசன் செத்தபின், 2017இல் வந்த நாவலொன்றில், சரணாகதி ஒப்பந்தத்தில் பேரரசின் சார்பாகக் கையெழுத்திடுவதும் இதே அமெடாதான். தலை தப்பியது.

இந்த ஆலோசகர்களில் மறுத்தவன் ஃபென்ரிங் ஒருவன்தான். ‘டியூன்’ முடிவில் நாவலின் நாயகன் பால் அட்ரெய்டீஸைக் கொல்லும்படி ஷாதாம் குறிப்புக் காட்டுகிறான். கொல்லக்கூடிய திறன் ஃபென்ரிங்குக்கு உண்டு, பாலுக்கும் அது தெரியும். முடியாது என்கிறான். பேரரசன் அவன் தாடையில் அறைகிறான். அடித்ததை மறந்துவிடுகிறேன், நட்புக்காகவே மறுக்கிறேன் என்கிறான் ஃபென்ரிங். பேரரசு கைமாறுகிறது. இதை அறச்செயல் என்று புகழ நான் தயாரில்லை. தன்னை எப்படி உருவாக்க முயன்றார்களோ அப்படி உருவான ஒருவனை எதிரே கண்ட நெருக்கம் அதில் இருக்கிறது, கணக்கும் இருக்கலாம். இத்தனை காலம் மறுக்க முடிந்தும் மறுக்காதவன் என்பதையும் அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுக்கிறது. இடித்துரைப்பதை அமைச்சனின் கடமையாகவே வைத்த மரபில் வந்தவர்கள் நாம். ஃபென்ரிங்கின் மறுப்பு தாமதமானது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆலோசகன் மனத்துக்குள் எவ்வளவு வருந்தினான் என்று எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள். எந்தக் கடிதத்தை அவன் எழுதினான், எந்த ஏற்பாட்டைச் செய்தான், எந்த இடத்தில் மறுத்திருக்கலாம் என்று பாருங்கள். நாவலாசிரியர் அவனுக்கு ஆயிரமாண்டுச் சாக்கு ஒன்றைக் கொடுத்திருந்தால், அதை ஏன் கொடுத்தார் என்று நாவலாசிரியரையும் கேளுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.