லைனிலிருந்து மேடைக்கு

பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி என்று நீளும் சி.டி.எச். சாலையை ஒட்டி எத்தனை தொழிற்சாலைகள்! 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்கள் உண்டு. நாலு பேர் முன்னால் நின்று ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்வது எப்படி, அதாவது பிரசன்டேஷன் செய்வது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால், இந்தக் கூடங்களில் மெஷின் ஓட்டுகிறவர்களைப் போய்க் கேளுங்கள் என்பேன்.

காரணம், தர வட்டம். குவாலிட்டி சர்க்கிள் என்றே பலரும் சொல்வார்கள். ஒரே பிரிவில் வேலை செய்யும் சில தொழிலாளர்கள் ஒரு குழுவாகக் கூடி, தங்கள் உற்பத்தி லைனில் தொல்லை கொடுக்கும் ஒரு சிக்கலைத் தாங்களே தேர்ந்தெடுத்து, காரணம் தேடி, சரிசெய்து, பிறகு அதை மேடையில் விளக்கவும் செய்கிறார்கள். 1962-இல் ஜப்பானில் பிறந்த முறை இது. இதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கவோரு இஷிகாவா. இந்தியாவில் 1980-இல் ஹைதராபாத் பி.எச்.இ.எல். தொழிற்சாலையில் தொடங்கியது. 1982-இல் இதற்கென்றே இந்தியத் தர வட்டப் பேரவை உருவானது. அதன் கிளைகள் நடத்தும் மாநாடுகளில், யூனிஃபார்ம் சட்டையோடு குழு குழுவாக மேடை ஏறி, நடுவர்கள் முன்னால் பேசுகிறார்கள். தரம் என்ற பேச்சு இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுதான் 1998-இல், தரத்துக்காக ஜப்பானில் வழங்கும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். 2004-இல் பக்கத்திலேயே இருக்கும் லூகாஸ் டிவிஎஸ்ஸும் அதை வாங்கியது.

இந்த மாநாட்டு மேடைகளில், ஐ.டி.ஐ. முடித்து வேலைக்கு வந்தவர், அதுவரை மைக்கையே தொடாதவர், பட்டம் வாங்கிய மேலாளர்கள் பலரைவிடத் தெளிவாகப் பேசிவிடுகிறார். எப்படி? தான் கையால் செய்ததை மட்டுமே சொல்கிறார், செய்த வரிசையிலேயே சொல்கிறார். சிக்கல் என்ன, எங்கே எவ்வளவு, எதனால், என்ன மாற்றினோம், மாற்றிய பிறகு குறைந்ததா, திரும்ப வராமல் இருக்க என்ன ஏற்பாடு. இதற்குக் கியூ.சி. ஸ்டோரி என்று பெயர். முடித்த வேலையை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஒழுங்காகத்தான் ஜப்பானில் இது முதலில் வந்தது. சொல்லிச் சொல்லிப் பழகியதில், வேலை செய்யும் ஒழுங்காகவே அது மாறிப்போனது. நன்றாகச் சொல்ல முயன்றவர்கள் நன்றாகச் செய்யவும் கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெரும் நம்பிக்கை தரும் செய்தி.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு பீஸில் துளை போடுகிறார்கள். துளையின் விளிம்பில் பிசிறு நிற்கிறது. இதைப் பற்றிப் பேச வருகிறவர், கம்பெனி எந்த ஆண்டு தொடங்கியது, கிளைகள் எங்கெங்கே, வாடிக்கையாளர்கள் யார் யார் என்று ஐந்து ஸ்லைடு காட்டினால், அதற்குள் பாதிப்பேர் போனை எடுத்துவிடுவார்கள். "எங்கள் லைனில் நூறு பீஸ் போட்டால் நாலு பீஸ் பிசிறோடு திரும்பி வந்தது. ஏன் என்று தேடினோம்" என்று ஆரம்பித்துப் பாருங்கள். யாரும் அசையமாட்டார்கள். கையோடு அந்தப் பிசிறு பீஸையும், சரியான பீஸையும் கொண்டுபோய் முன்வரிசையில் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. விரலால் தடவிப் பார்த்தவருக்கு நீங்கள் பாதி விளக்கம் சொன்னால் போதும்.

ஸ்லைடு விஷயத்தில் நாம் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஓ.எச்.பி. ஷீட்டில் கையால் எழுதிய காலத்தில் இடம் குறைவு, எழுதுவதும் சிரமம். அதனால் தேவையானதை மட்டும் எழுதினார்கள். இப்போது, ஒரு சிக்கலின் காரணங்களைக் கிளை கிளையாக எழுதும் மீன்முள் படத்தில் முப்பது காரணத்தையும் நுணுக்கி எழுதித் திரையில் போட்டுவிடுகிறோம். கடைசி வரிசைக்கு அது எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும். முப்பதும் உங்கள் நோட்டில் இருக்கட்டும். மிஞ்சிய இரண்டு காரணங்களைப் பெரிய எழுத்தில் காட்டுங்கள். மற்றவற்றை எப்படிக் கழித்தீர்கள் என்பதை வாயால் சொல்லுங்கள்.

எதிரே இருப்பவர் யார் என்பதைத் தயாரிப்பின் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். திருக்குறளில் அவையறிதல் 72-ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73. அந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். அவையை அறிந்த பிறகுதான் அச்சத்தைப் பற்றிய பேச்சே வருகிறது. தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருப்பவர் புது மெஷின் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார். மெஷினின் வேகம், துல்லியம் எல்லாவற்றையும் ஆசையாக விளக்குகிறார். மேலாளர் அறிய நினைப்பதோ கையில் எவ்வளவு ஆர்டர் இருக்கிறது, மாதத் தவணை எந்தப் பணத்திலிருந்து வரும் என்பதை. அதே மெஷினைப் பற்றி ஆபரேட்டர்களிடம் பேசினால், அவர்கள் காத்திருப்பது வேறு ஒரு பதிலுக்கு: எங்கள் வேலை என்ன ஆகும்? இந்த இரண்டு அவைக்கும் ஒரே பேச்சு உதவாது.

இப்போது மொழி. பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் பொறியியல் கல்லூரிகள் நிறைய. ப்ராஜெக்ட் வைவாவுக்கு ஆங்கிலத்தில் வரி வரியாக மனப்பாடம் செய்துகொண்டு போகும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் வருந்தும். ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது. விஷயம் தெரியாததால் வரும் திணறல் அல்ல அது. தம்பி, தங்கைகளே, முதலில் உங்கள் ப்ராஜெக்டை வீட்டில் அம்மாவிடமோ அண்ணனிடமோ தமிழில் சொல்லுங்கள். தமிழில் தடையில்லாமல் சொல்ல முடிந்தால் விஷயம் உங்களிடம் இருக்கிறது. பிறகு ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளலாம். தர வட்ட மேடையில் ஜிக், கூலண்ட், ரீவொர்க் என்று பட்டறைச் சொற்களைக் கலந்து தமிழில் பேசுகிறவர் திணறுவதில்லையே.

ஒத்திகையை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது. எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பேச வேண்டும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் அளவில்தான் தமிழில் போக முடியும். பத்து நிமிடம் கொடுத்தால் ஆயிரம் சொல். கைதட்டலும் தடுமாற்றமும் போக எண்ணூறு என்றே எழுதுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. வானொலியில் பேசும் எனக்கு ஸ்லைடு கிடையாது, உங்கள் முகமும் தெரியாது. அதேபோல ஒரு நண்பரைப் போனில் அழைத்து, படம் எதுவும் காட்டாமல் உங்கள் பேச்சைச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் "என்ன?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள்.

கடைசியில் கேள்வி நேரம். தர வட்ட மேடையில் நடுவர்களிடமிருந்து எதிர்பார்க்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: "நீங்கள் மாற்றிய செட்டிங், அடுத்த ஷிப்டில் வேறு ஆள் வந்தால் அப்படியே இருக்குமா?" இதற்கு நீளமான பதில் வேண்டாம். மெஷினில் என்ன குறி போட்டீர்கள், எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போடுகிறார், எத்தனை பீஸுக்கு ஒருமுறை அளக்கிறார்கள் என்று சொன்னால் போதும். எண் நினைவில் இல்லையென்றால் ஊகித்துச் சொல்லாமல், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். குழுவில் அந்த செட்டிங்கை மாற்றியவர் பேசத் தயங்குகிறவராக இருக்கலாம். இருந்தாலும் அந்தக் கேள்விக்கு மைக்கை அவரிடமே கொடுங்கள். அந்த மெஷினை அவரைப்போல அறிந்தவர் அந்த அரங்கில் வேறு யாரும் இல்லை.