மெல்லிய வயரும் பெரிய ஹீற்றரும்

(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



ஊரில் உயர்தரம் வரைக்கும்தான் படித்தேன். இங்கே இலண்டனில் தொழிற்சாலை வேலை. ஆனாலும் அன்று பௌதிகத்தில் படித்த ஒரு பாடம் எங்கட வீடுகளுக்கு இன்று மிகவும் தேவை. அது கம்பியின் மின்தடை.

மின்தடை நாலு விஷயங்களில் தங்கியுள்ளது. முதலாவது நீளம்: கம்பி இரண்டு மடங்கு நீண்டால் தடையும் இரண்டு மடங்கு. இரண்டாவது தடிப்பு: விட்டம் பாதியானால் தடை நாலு மடங்கு. மூன்றாவது உலோகம்: ஹீற்றருக்குள் இருக்கும் நிக்குரோமின் தடை, அதே அளவான செம்புக் கம்பியைப் போல ஏறக்குறைய 60 மடங்கு. அதனால்தான் அது சிவக்கக் காய்கிறது. நாலாவது வெப்பநிலை: செம்பு சூடேறச் சூடேற அதன் தடையும் கூடும்.

"சரி தம்பி, இது எங்களுக்கு என்னத்துக்கு?" எண்டு கேட்பீர்கள். குளிருக்கு 3,000 வாற்ஸ் ஹீற்றர் ஒன்றை 20 மீற்றர் எக்ஸ்ரென்சன் வயரில் கொழுவுகிறோம் என்று வையுங்கள். 230 வோல்ற்றில் அது 13 அம்பியர் இழுக்கும். வயர் 0.75 சதுர மில்லிமீற்றர் என்றால், மின்சாரம் போய்வர 40 மீற்றர் செம்பு. தடை கிட்டத்தட்ட 1 ஓம். மின்னோட்டத்தை மின்னோட்டத்தால் பெருக்கி, பிறகு தடையால் பெருக்குங்கள்: 13 x 13 x 1 = 169 வாற்ஸ். பழைய 60 வாற்ஸ் பல்ப் மூன்றை வயருக்குள் எரிப்பது போல. வயர் சுருளாகக் கிடந்தால், அல்லது காப்பெற்றுக்குக் கீழே போனால், அந்தச் சூடு வெளியேற வழியில்லை. பிளாஸ்ரிக் உறை உருகும், தீப்பிடிக்கும். பிளக்கில் இருக்கும் 13 அம்பியர் பியூஸ் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அதற்கு 13 அம்பியர் அளவான மின்னோட்டம்தான்; அது எரியாது.

ஆகவே ஹீற்றரை நேரே சுவரில் கொழுவுங்கள். வயரின் உறையில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். 0.75 என்றால் 6 அம்பியருக்கு மேல் வேண்டாம். 13 அம்பியருக்குக் குறைந்தது 1.25 வேண்டும். சுருள் வயரை முழுவதும் விரித்துப் பாவியுங்கள். தொட்டால் சூடு தெரிகிறதா? சுவிச்சை நிற்பாட்டிவிட்டுக் கழற்றுங்கள்.

ஒரே அறையில் நாலைந்து பேர் படுக்கும் வீடுகள் எங்களுக்குள் இன்னும் இருக்கின்றன. பக்கத்து அறைக்குப் புதிதாக வந்தவருக்கும் இதைச் சொல்லுங்கள். எவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாற்றி வந்த உயிர்கள். ஒரு மலிவு வயரால் போகக்கூடாது.