சீட்டுக்கட்டில் வாய்ப்பாடு



சீட்டு என்றதும் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். கூலியைச் சீட்டில் தொலைத்த வீடுகள் உண்டுதான். இங்கே காசு வைக்க மாட்டோம்.

இஸ்பேடு, ஆட்டின் என்று கட்டில் 4 வகை. வகைக்கு 13 சீட்டு. மொத்தம் 52. ராஜா, ராணி, ஜாக்கியை எடுத்துவிடுங்கள். மீதி 40. ஆஸ் என்றால் 1.

ஆளுக்கு ஒரு சீட்டைத் திருப்புங்கள். 7, 8 வந்ததா? 56 என்று முதலில் சொன்னவருக்கே இரண்டு சீட்டும். தடுமாறினால், ஏழேழு 49, அதோடு ஒரு 7.

2001இல் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். மாரிகுப்பத்திலிருந்து பலர் பெங்களூருக்கு ரயிலேறிக் கூலிக்குப் போகிறோம். நாளுக்கு 700 ரூபாய், 6 நாள் வேலை. எவ்வளவு வரவேண்டும்? ஆறேழு 42. பின்னால் இரண்டு பூஜ்யம். 4200. மேஸ்திரி எண்ணிக் கொடுக்கும் முன்பே இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, யார் கலைத்துப் போடுகிறீர்கள்?