சப்பெலோ தீவின் சரித்திரம்: விதியா? மனிதர் செய்ததா?



சரித்திரத்தைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். சரித்திரம் என்றால் அரசர்கள் பட்டத்துக்கு வந்ததும், சண்டை போட்டதும், செத்துப் போனதுந்தான் என்று பள்ளிக்கூடங்களில் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்தவர்களல்ல; ஆகையால் அந்தச் சங்கடம் நமக்கில்லை. இன்று ஐம்பது பேர்கூட நிலையாய் வசியாத ஒரு தீவுக் கிராமத்தின் கதையைச் சொல்லப் போகிறோம். "அந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்பீர்கள். கடைசிவரை கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணக் கடலோரத்தில் சப்பெலோ என்று ஒரு தீவு இருக்கிறது. அதற்குப் பாலம் கிடையாது, படகில்தான் போகவேண்டும். அதிலுள்ள கிராமத்துக்கு ஹாக் ஹம்மக் என்று பெயர். ஹாக் என்றால் பன்றி. எஜமானனுடைய பன்றிகளை மேய்த்த சாம்சன் என்ற அடிமைக்குப் பன்றி என்பதையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள்; அதுவே ஊருக்கும் பெயராயிற்று. பிற்காலத்தில் அக்குடும்பத்தார் அப்பெயரை உதறிவிட்டு ஹால் என்று வைத்துக்கொண்டார்கள். பிறர் இட்ட இழிபெயரை ஏன் சுமக்கவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது பாருங்கள்!

இத்தீவில் 1802ல் தாமஸ் ஸ்பால்டிங் என்பவர் நிலம் வாங்கிப் பருத்தியும் கரும்பும் பயிரிட்டார். பயிரிட்டார் என்று புத்தகம் சொல்லும். மண்ணைக் கொத்தியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய மக்களுமாகிய நூற்றுக்கணக்கான அடிமைகள். அவர்களுக்கு மேஸ்திரியாயிருந்த பிலாலி என்பவரும் அடிமையே. அவர் அரபி எழுத்தில் 13 பக்கங்கள் எழுதி வைத்துப் போனார். வெள்ளைக்காரர்கள் அதை ஓர் அடிமையின் நாட்குறிப்பு என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படித்த பிறகோ, அது முகம்மதிய சட்ட நூலொன்றின் பகுதிகள் என்று தெரிந்தது. கறுப்பனுக்கு அறிவில்லை, அடிமைத்தனமே அவனுக்கு ஆண்டவன் விதித்தது என்று வேதத்தைக் காட்டிப் பிரசங்கம் செய்த காலத்தில், அந்தக் கறுப்பர் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்!

உள்நாட்டு யுத்தம் முடியுந் தறுவாயில், 1865 ஜனவரி 16ந் தேதி, ஷெர்மன் என்ற தளபதி ஓர் உத்தரவு போட்டார். இக்கடலோரத் தீவுகளை விடுதலையான அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். அதே வருஷத்தில் ஜனாதிபதி ஜான்சன் நிலங்களைப் பழைய எஜமானர்களுக்கே திருப்பிவிட்டார். கொடுத்தது ஒரு காகிதம். பிடுங்கியதும் ஒரு காகிதம். இதில் விதி எங்கே வந்தது?

ஆனாலும் அம்மக்கள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காரவில்லை. 1871ல் வில்லியம் ஹில்லரி முதலியோர் கூட்டாகச் சேர்ந்து ராக்கூன் பிளஃப் என்ற இடத்தில் சுமார் ஆயிரம் ஏக்கர் விலைக்கே வாங்கினார்கள். ஆறு வருஷத்துக்கு முன் அடிமையாயிருந்தவன் நிலச்சொந்தக்காரனானான். வீடு கட்டினார்கள், பயிர் செய்தார்கள், மீன் பிடித்தார்கள், புல்லால் கூடை பின்னினார்கள், கீச்சி என்ற தங்கள் பாஷையைப் பேசினார்கள்.

அப்புறம் பணக்காரர்கள் வந்தார்கள். 1912ல் மோட்டார் முதலாளி ஹோவர்ட் காஃபின் தீவில் பெரும்பகுதியை வாங்கினார். 1934ல் அது புகையிலைச் செல்வர் ஆர். ஜே. ரெனால்ட்ஸ் கைக்குப் போயிற்று. அவர் காலத்தில் பல இடங்களில் பரவியிருந்த கறுப்பர்களை ஹாக் ஹம்மக் என்ற ஒரே மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நிலத்துக்கு நிலம் மாற்று என்று பெயர். ஆனால் வேலையும் அவர் கையில், படகும் அவர் கையில் இருக்கும்போது, "சம்மதமா?" என்று கேட்பது எப்படிப்பட்ட கேள்வி என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். அவர் 1964ல் இறந்தபின் 1969லும் 1976லும் அந்நிலங்களை மாகாண சர்க்கார் வாங்கிக்கொண்டது. சுமார் 16,500 ஏக்கர் உள்ள தீவில் கிராமத்துக்கு மிஞ்சியது சுமார் 430 ஏக்கர். பள்ளிக்கூடமும் 1978ல் மூடப்பட்டது. அன்று முதல் பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்ப் படிக்கவேண்டியதாயிற்று.

நிற்க, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இக்கிராமத்துக்கென்று சொந்த முனிசிபாலிட்டி கிடையாது. வரி போடுவதும், எவ்வளவு பெரிய வீடு கட்டலாம் என்று விதி செய்வதும் கரைக்கு அப்பாலுள்ள மக்கின்டாஷ் கவுண்டி சபையார். வெளியூர்ப் பணக்காரர்கள் உல்லாச வீடுகள் கட்ட வந்ததும் நிலத்தின் மதிப்பு ஏறிற்று. 2012ல் பழங்குடிகளின் வரியும் பல மடங்கு ஏறிற்று. உயில் எழுதாமல் செத்த பாட்டனின் நிலம் இருபது முப்பது பங்காளிகளுக்குப் பொதுவில் கிடக்கும். அதில் ஒருவன் பங்கை விலைக்கு வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் மொத்தமும் ஏலத்துக்கு வந்துவிடும். இக்கடலோரத்தில் கறுப்பர் நிலம் போன வழிகளில் இது பெரியது.

2023 செப்டம்பரில் மேற்படி சபையார் 3க்கு 2 ஓட்டில், வீட்டின் அளவை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 ஆக உயர்த்தினார்கள். ஊரை விழுங்க வேறு படை வேண்டுமா? ஒரே ஒரு ஓட்டு போதும்! கிராமத்தார் கையெழுத்து வாங்கி, பொதுஜன ஓட்டுக்கு விடவேண்டும் என்றார்கள். ஓட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, 2024ல், நீதிபதி ஒருவர் நிறுத்தினார். விடாமல் மேல் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 செப்டம்பரில் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட விதியை ஓட்டுப் போட்டு நீக்க ஜனங்களுக்கு உரிமையுண்டு என்று தீர்ப்பளித்தது.

இடையில் 2024 அக்டோபர் 19ந் தேதி, அக்கிராமத்தாரின் கலை விழாவுக்கு வந்து படகுக்குக் காத்திருந்தவர்கள் நின்ற நடைபாலம் உடைந்து 7 பேர் மாண்டார்கள். அதையும் விதி என்று சொல்ல ஆளிருக்கும். பாலம் கட்டினதும் மனிதன். அது தாங்குமா என்று பார்க்கவேண்டியவனும் மனிதன்.

தோழர்களே! அடிமையாக்கியது மனிதன், நிலத்தைக் கொடுத்ததும் பிடுங்கியதும் மனிதன், வரி போட்டதும் மனிதன். மனிதன் செய்ததை மனிதன் மாற்ற முடியும். விதி என்று சொல்லிவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் விதிக்கு இவ்வளவு மதிப்பு.

ஆகையால் வீட்டுக்குப் போனதும் பெட்டியிலுள்ள நிலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அது யார் பெயரில் இருக்கிறது, பங்காளிகள் எத்தனை பேர், பெண்மக்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஊர்க் கிழவிகள் சாவதற்குமுன் அவர்களுக்குத் தெரிந்ததை எழுதி வையுங்கள். சப்பெலோவில் கொர்னீலியா பெய்லி என்ற அம்மையார் அப்படித்தான் தம் ஊர்க் கதையை 2000ல் புத்தகமாக்கிவிட்டு 2017ல் மறைந்தார். நம் கதையை நாம் எழுதாவிட்டால் நிலத்தை வாங்கினவன் எழுதுவான். அதில் நாம் இருக்கமாட்டோம் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.