ஒரு செயலுக்கு ஒரு சொல்

டில்லியில் நாம் வளர்த்த நாய்க்கு வீட்டார் "உட்கார்" என்றனர். பணியாளர் "பைட்டோ" என்றார். பிள்ளைகள் "சிட்" என்றனர். அது எவரையும் நோக்காது கட்டிலடியில் ஒடுங்கிற்று. அறிவற்ற நாயென்று கருதிப் பிறர்க்குக் கொடுத்துவிடவும் துணிந்தோம்.

1914-ஐ ஒட்டி, ரஷ்ய அறிஞர் பாவ்லவின் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாய்க்கு வட்டத்தைக் காட்டி உணவளித்தனர், நீள்வட்டத்திற்கு உணவில்லை. நன்கு பகுத்தறிந்து வந்தது. நீள்வட்டத்தின் அச்சுகளை 9-க்கு 8 என வட்டத்தோடு நெருக்கினர். மூன்றே வாரங்களில், அதுகாறும் அமைதியாய் நின்ற அந்த நாய் கதறிற்று. கருவிகளைக் கடித்துக் குதறிற்று. அடித்தவர் எவருமில்லை, எது எதுவென்று அதற்கு விளங்கவில்லை, அவ்வளவே.

நாமும் ஒரு செயலுக்கு ஒரே சொல்லென விதித்துக்கொண்டோம். சொல் தமிழே, பணியாளரும் கற்றுக்கொண்டார். அமர்ந்த அக்கணமே ஒரு துண்டு ரொட்டி. தாமதித்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. இப்போது வாயில்மணி ஒலித்தால் அது கட்டிலடிக்கு ஓடுவதில்லை. நம் முகம் பார்த்து நிற்கிறது.